பிறப்பே குற்றப்பத்திரிகை!

விடுதலை! சமத்துவம்! சகோதரத்துவம்!

இந்த மூன்று சொற்களை உலகத்தின் செவியிலே ஓதிய நாடு பிரான்சு. மன்னனின் மணிமுடியை மண்ணிலே உருட்டிய நாடு. வால்டேரின் பேனா வைதிகத்தின் நெஞ்சிலே வேலாகப் பாய்ந்த நாடு. அந்த நாட்டின் தலைநகருக்கு அருகே திரான்சி என்றோர் ஊர். 1942-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் அங்கிருந்து ஒரு ரயில் புறப்பட்டது. ஏறத்தாழ ஆயிரம் பேர் அதிலே அடைக்கப்பட்டிருந்தனர். அது சென்று சேர்ந்த இடம் ஆஷ்விட்ஸ்.

அந்த ஆயிரம் பேரில் ஒருவருக்கு வயது ஐம்பத்தாறு. பிரான்சுக்காகப் போர்முனையில் நின்றவர் அவர், நச்சுப் புகையை மூச்சிலே ஏற்றவர், வீரப்பதக்கம் பெற்றவர். போர் முடிந்தபின், அந்நாட்டின் ஊமைத் திரைக்கு வாய் கொடுத்தவர்களின் முன்வரிசையில் நின்றவர். ஊர் ஊராகக் கொட்டகைகள் நடத்தியவர். அவர் பெயர் பெர்னார் நத்தான்.

அவரை அந்த ரயிலில் ஏற்றியது யார்? "நாஜிகள்" என்று ஒரே சொல்லில் விடை கூறிவிடலாம். கூறினால் பொய்யில்லை, முழு மெய்யும் இல்லை. ரயில் ஹிட்லருடையது. ஐயமில்லை. ஆனால் அது ஓடிய தண்டவாளத்தைப் போட்டவர்கள் யார்? எத்தனை ஆண்டுகளாகப் போட்டார்கள்? எந்தப் பட்டறையிலே அந்த இரும்பு காய்ச்சப்பட்டது? இதை அறிவதற்காகவே அந்த மனிதரின் வாழ்க்கையை நாம் இங்கே புரட்டுகிறோம்.

வந்தவன் வாழ்ந்த கதை

ருமேனிய நாட்டில் யாசி என்றொரு நகரம். அங்கே 1886-ஆம் ஆண்டு ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கு நத்தான் தன்னன்ஸாஃப்ட் என்று பெயர். ருமேனியாவில் அந்நாளில் யூதனாகப் பிறந்தவன் அந்த மண்ணிலேயே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தாலும் அயலான்தான். குடியுரிமை அவனுக்கு எட்டாக் கனி. ஆகவே இளைஞர்கள் மேற்கு நோக்கிப் புறப்பட்டனர். அவர்களின் கண்ணுக்கு விடிவெள்ளியாகத் தெரிந்தது பாரிஸ். 'யூதன், ஆகவே துரோகி' என்று 1894-ல் தண்டிக்கப்பட்டுத் தீவாந்தரத்துக்கு அனுப்பப்பட்ட இராணுவ அதிகாரி ட்ரைஃபஸ், எமிலி ஜோலா போன்றவர்களின் போராட்டத்துக்குப் பின் 1906-ல் குற்றமற்றவர் என்று அறிவிக்கப்பட்ட நாடல்லவா அது! நீதி அங்கே தாமதமாகவேனும் வரும் என்று அவர்கள் நம்பியதில் வியப்பென்ன?

நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் பாரிசுக்கு வந்த அந்த இளைஞர், தம் இயற்பெயரான நத்தானையே குடும்பப் பெயராக்கிக்கொண்டு, பெர்னார் நத்தான் ஆனார். படம் காட்டும் வேலை, படச்சுருள் கழுவும் வேலை எனத் திரைத் தொழிலின் அடிப்படியிலிருந்து ஏறினார். பிரெஞ்சுப் பெண் ஒருவரை மணந்தார். ஆபாசப் படம் தயாரித்த வழக்கொன்றிலே வேறு சிலரோடு சிக்கி, சிறிது காலம் சிறையிருந்து அபராதமும் கட்டினார். இதை நாம் மறைக்கப் போவதில்லை. மறைத்தால் நாம் எழுதுவது வரலாறு ஆகாது, தலபுராணம் ஆகிவிடும்.

1914-ல் போர் மூண்டது. பிரெஞ்சுக் குடிமகனாக இல்லாத நத்தான், பிரான்சின் பக்கம் நின்று போரிடத் தாமே முன்வந்தார். களத்திலே காயமுற்றார். போர்ச் சிலுவை என்னும் பதக்கம் அவர் மார்பிலே குத்தப்பட்டது. பழைய குற்றப்பதிவு நீக்கப்பட்டது. 1921-ல் அவர் பிரெஞ்சுக் குடிமகனானார். பிறப்பால் கிடைக்காத குடியுரிமையை இரத்தத்தால் பெற்றார்!

இந்த வரியை வாசகர்கள் நினைவிலே வைத்திருக்க வேண்டும். இருபத்தொரு ஆண்டுகளுக்குப் பிறகு இது நமக்குத் தேவைப்படும்.

சேவல் கொடி ஏந்தியவர்

போருக்குப் பின் ராப்பிட் ஃபிலிம் என்னும் நிறுவனத்தின் மூலம் நத்தான் வளர்ந்தார். 1924-ல் பாரிசில் நடந்த ஒலிம்பிக் விளையாட்டுகளைப் படமாக்கியது அந்த நிறுவனமே. மோன்மார்த்ர் குன்றிலே, பிரான்கர் தெருவிலே, படப்பிடிப்பு நிலையம் எழுந்தது. ஜோன் ஆஃப் ஆர்க்கின் வாழ்வைப் பெரும்படமாக எடுத்தார். அயல்நாட்டான் என்று பின்னாளில் தூற்றப்பட்டவர், பிரான்சின் தேசியப் பெண்தெய்வமாகவே ஆக்கப்பட்டுவிட்ட வீராங்கனைக்குத் திரையிலே கோயில் கட்டினார்!

1929-ல் அவர் கைக்கு வந்தது பாதே நிறுவனம். சேவல் சின்னம் பொறித்த பாதே, ஒரு காலத்தில் உலகப் படச்சந்தையையே ஆண்ட பெயர். ஆனால் நத்தான் கைக்கு வந்தபோது அந்தச் சேவல் இறகு உதிர்ந்த சேவல். நிறுவனர் ஷார்ல் பாதே, அமெரிக்கக் கிளையை முன்பே விற்றிருந்தார். கச்சாச் சுருள் செய்யும் பெருந்தொழிற்சாலை 1927-ல் கோடக் நிறுவனத்தோடு இணைந்த புதுக் கம்பெனிக்குப் போய்விட்டது. பொன்முட்டை இட்ட பகுதிகளெல்லாம் போனபின் எஞ்சியதைத்தான் நத்தான் ஏற்றார்.

ஏற்றவர் தூங்கினாரா? அமெரிக்காவிலிருந்து பேசும்படம் புயலாக வந்துகொண்டிருந்த நேரம் அது. பிரெஞ்சுப் படவுலகம் கையைப் பிசைந்து நின்றது. ஒலிக்கருவிகளை இறக்கு என்றார் நத்தான். படப்பிடிப்பு நிலையத்தை மாற்று என்றார். கொட்டகைகளை வாங்கு என்றார். 1929-லேயே பிரெஞ்சு மொழியின் முதல் பேசும்படங்களுள் ஒன்றான 'மூன்று முகமூடிகள்' வெளிவந்தது. சொந்த நாட்டில் வசதி இல்லாமையால் அது இங்கிலாந்திலே படமாக்கப்பட்டது. பாதே செய்திப்படமும் பேசத் தொடங்கியது. 60 அளவிலான கொட்டகைகள் அவர் ஆட்சிக்கு வந்தன. ஆறேழு ஆண்டுகளுக்குள் 60-க்கும் மேற்பட்ட முழுநீளப் படங்கள் வெளிவந்தன. வானொலியில் இறங்கினார். குழந்தைப் பருவத்திலிருந்த தொலைக்காட்சியிலும் பணம் போட்டார்.

அந்தப் படங்களில் இரண்டைச் சொல்லாமல் செல்ல மனம் ஒப்பவில்லை.

ஒன்று, 1932-ல் வந்த 'மரச்சிலுவைகள்'. போரின் கொடுமையைக் காட்டிய படம். அதிலே நடித்தவர்கள் பலர் போர்க்களத்தை நேரில் கண்டவர்கள். தயாரித்தவரும் அவ்வாறே. போரை மேடையிலே புகழ்பவர்கள் வேறு. பதுங்குகுழியிலே கிடந்தவர்கள் வேறு. இது பின்னவர்கள் எடுத்த படம்.

மற்றொன்று, 1934-ல் வந்த 'லே மிசெராப்ல'. விக்டர் ஹியூகோவின் காவியம். 'ஏழை படும் பாடு' என்று சுத்தானந்த பாரதியார் தமிழாக்கித் தந்தாரே, 1950-ல் நாகையா நடிக்க நம் திரையிலும் வந்ததே, அதே கதை. மூன்று பாகங்களாக, ஐந்து மணி நேரத்துக்கு நெருங்கிய படம். ரெய்மோன் பெர்னார் இயக்க, ஜீன் வால்ஜீனாக ஹாரி போர் என்னும் மாநடிகர் நடித்தார்.

வால்ஜீனின் கதை என்ன? ஒரு ரொட்டித் துண்டு திருடியவன். தண்டனையை முடித்துவிட்டு வெளியே வருகிறான். ஆனால் அவன் கையிலே ஒரு மஞ்சள் சீட்டு. அதைக் கண்டதும் கதவுகள் சாத்தப்படுகின்றன. அவன் நகரத்தலைவனாகலாம், ஏழைக்கு உதவலாம், ஆலை கட்டி ஆயிரம் பேருக்குச் சோறு போடலாம். மஞ்சள் சீட்டு மட்டும் அவனை விடாது! இந்தக் கதையைப் பொருள் கொட்டிப் படமாக்கிய நத்தான், அது தம் கதையே ஆகும் என்று அன்று எண்ணியிருப்பாரா?

பெயரைத் தோண்டினார்கள்

1929-ல் அமெரிக்காவில் வெடித்த பொருளாதார நெருக்கடி, 1930-களில் பிரான்சையும் பற்றியது. கடன் வறண்டது. பாதேயின் போட்டி நிறுவனமான கோமோன் குழுமம் 1934-ல் திவாலாயிற்று. அதற்கு நத்தானா காரணம்? அல்லவே! ஆயினும் 1936-ல் பாதே-நத்தான் நிறுவனத்தை நீதிமன்றம் நிர்வாகிகளிடம் ஒப்படைத்தபோது, காரணம் கண்டுபிடிக்க ஏடுகள் பொருளாதாரத்தைப் புரட்டவில்லை. பிறப்புப் பதிவேட்டைப் புரட்டின.

காலத்தையும் கவனிக்க வேண்டும். 1934-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஸ்தாவிஸ்கி என்ற மோசடிக்காரனின் ஊழல் பிரான்சை உலுக்கியது. அவன் யூதக் குடும்பத்தில் பிறந்தவன். போதாதா? பிப்ரவரி 6-ஆம் நாள் பாரிஸ் தெருக்களில் கலவரம், இரத்தம். ஒருவன் செய்த மோசடி ஓர் இனத்தின் இலக்கணமாக்கப்பட்டது. மோசடி செய்த கிறித்தவ முதலாளிகள் அந்நாட்டில் இல்லையா? இருந்தனர். அவர்கள் பிடிபட்டால் 'அவன் கெட்டவன்' என்றனர். யூதன் பிடிபட்டால் 'அவர்கள் கெட்டவர்கள்' என்றனர். ஒருமை பன்மையாவது இலக்கணப் பிழை மட்டுமா? அது கொலைக்கு இடும் அச்சாரம்!

1936-ல் லெயோன் ப்ளூம் தலைமை அமைச்சரானபோது, அந்தப் பழைய நாட்டை முதன்முறையாக ஒரு யூதர் ஆளப்போகிறாரே என்று நாடாளுமன்றத்திலேயே ஒருவர் எழுந்து புலம்பினார். பெயர் சேவியே வாலா. ஐந்தாண்டு கழித்து, விஷி அரசின் யூத விவகாரத் துறைக்கு முதல் தலைவராக அமர்ந்தவர் அதே வாலாதான். நாக்கிலே இருந்த நஞ்சு நாற்காலியிலே ஏறியது!

இந்தச் சூழலில் நத்தான் மீது பங்குதாரர் சிலர் தொடுத்த வழக்கு வளர்ந்தது. 1938-ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் கைது செய்யப்பட்டார். ஏடுகள் அவரைப் பெர்னார் நத்தான் என்று எழுத மறுத்தன. 'தன்னன்ஸாஃப்ட்' என்று எழுதின. பதினேழு ஆண்டுகளாகப் பிரெஞ்சுக் குடிமகனாக இருந்தவரின் பழைய பெயரை எதற்குத் தோண்டி எடுத்தனர்? அந்தப் பெயரைப் படித்ததும், 'அயலான்' என்று வாசகன் உதடு தானே முணுமுணுக்கும். பிறகு குற்றப்பத்திரிகை எதற்கு? பெயரே குற்றப்பத்திரிகை!

கணக்கும் களங்கமும்

'அப்படியானால் அவர் கணக்கில் தவறே இல்லையா?' என்று நண்பர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. பகுத்தறிவாளன் தனக்குப் பிடித்தவனுக்காகவும் தராசைச் சாய்க்கக் கூடாது.

நத்தான் வாணிகம் செய்த முறை வெள்ளைத் துணியன்று. தமக்கு வேண்டிய சிறு நிறுவனங்கள் வழியாகப் பணத்தைச் சுழற்றினார். கடன்மேல் கடன் வாங்கினார். 1939-ல் நீதிமன்றம் மோசடி என்று தீர்த்துச் சிறைத்தண்டனை விதித்தது. நாடு வீழ்ந்தபின் 1941-ல் மீண்டும் தண்டனை. கணக்கில் கறையே இல்லை என்று வாதிட நாம் வரவில்லை.

ஆனால் 'பாதேயை அழித்தவன் நத்தான்' என்பது வேறு குற்றச்சாட்டு. அதை ஆராய்வோம். அழிந்ததாகச் சொல்லப்பட்ட நிறுவனம் நிர்வாகிகள் கையிலே தொடர்ந்து இயங்கியது. அதன் கொட்டகைகளில் கூட்டம் குறையவில்லை. போருக்குப் பின்னும் வாழ்ந்தது. சேவல் இன்றும் கூவுகிறது. நத்தான் கட்டிய கொட்டகைகளும் படப்பிடிப்பு நிலையங்களும் அன்றோ அதைத் தாங்கிய தூண்கள்! அழித்தவன் விட்டுச்சென்ற சொத்திலே அழிக்கப்பட்டது வாழ்கிறது என்றால், அழித்தான் என்ற சொல்லுக்குப் பொருள் என்ன?

இன்னொன்றும் கேட்போம். கணக்கில் பிழை செய்தான் என்றே வைத்துக்கொள்வோம். அதற்குரிய தண்டனை சிறை. சிறையில் இருந்தான். எந்த நாட்டுச் சட்டப்புத்தகத்தின் எந்தப் பக்கத்தில், கணக்குப் பிழைக்கு நச்சுவாயு அறை தண்டனையாக எழுதப்பட்டிருக்கிறது?

சிறைக்கதவு திறந்தது

1940-ல் பிரான்சு வீழ்ந்தது. விஷியில் மார்ஷல் பெத்தான் தலைமையில் ஓர் அரசு அமைந்தது. ஜெர்மானியர் வாய்திறந்து கேட்கும் முன்னரே அது பணிவிடை தொடங்கியது. அக்டோபர் 3-ஆம் நாள் யூதர் சட்டம் பிறந்தது. யூதன் அரசு அலுவலனாகக் கூடாது, ஆசிரியனாகக் கூடாது, பத்திரிகை நடத்தக் கூடாது, படம் தயாரிக்கவோ, இயக்கவோ, கொட்டகை நடத்தவோ கூடாது. ஜெர்மனியில் 1933-ல் கோயபல்ஸ் கைக்கு வந்த படவுலகில் நடந்த களையெடுப்பு, பிரான்சில் பிரெஞ்சுக் கையாலேயே நடந்தது.

1941-ல் 'யூதனும் பிரான்சும்' என்றொரு பொருட்காட்சி பாரிசில் திறக்கப்பட்டது. யூதனின் மூக்கு எப்படி, காது எப்படி என்று அறிவியல் முகமூடி அணிந்து அங்கே பாடம் நடத்தினர். மனிதனை மாட்டுச்சந்தை மாடாக்கி அளந்தனர். படத்துறையையும் அங்கே குறிவைத்தனர். அதே ஆண்டில் ரெபாத்தே என்னும் திறனாய்வாளர், படவுலகையும் நாடக உலகையும் யூதக் கூட்டங்கள் பிடித்துக்கொண்டன என்று ஒரு நூலே எழுதினார். நத்தானின் பெயர் அதிலே வசைப்பொருள் ஆயிற்று. வசைக்கு மறுமொழி கூற நத்தானால் முடியாது. அவர்தாம் சிறையில் இருக்கிறாரே!

1942 ஜூன் முதல், ஜெர்மானியர் பிடித்த பகுதியில் யூதர்கள் சட்டையிலே மஞ்சள் விண்மீன் அணிய வேண்டும் என்று ஆணை. ஹியூகோ கற்பனை செய்த மஞ்சள் சீட்டு, துணியாகி நெஞ்சிலே தைக்கப்பட்டது. ஜூலை 16, 17 நாட்களில் பாரிசில் ஏறத்தாழ 13,000 யூதர்களைப் பிடித்தது பிரெஞ்சுக் காவல்துறை. அவர்களில் குழந்தைகள் மட்டும் நாலாயிரத்துக்கு மேல்.

செப்டம்பர் மாதம். நத்தானின் சிறைக்கதவு திறந்தது. விடுதலை! ஆனால் வாசலிலே நின்றது வீடு திரும்பும் வண்டியன்று. பிரெஞ்சு அதிகாரிகள் அவரை ஜெர்மானியரிடம் ஒப்படைத்தனர். திரான்சி முகாமில் அடைத்தனர். செப்டம்பர் 24-ஆம் நாள் பாரிசில் ருமேனிய யூதர்கள் வேட்டையாடப்பட்டனர்; மறுநாள் புறப்பட்ட ரயிலில் அவர்கள் ஏற்றப்பட்டனர். அவர்களோடு நத்தானும்! 1921-ல் பெற்ற குடியுரிமை எங்கே? மார்பிலே குத்திய பதக்கம் எங்கே? பிரான்சுக்காக உள்ளிழுத்த நச்சுப் புகைக்குப் பிரான்சு தந்த கைம்மாறு, நச்சுவாயு ஊரும் ஊருக்குப் பயணச்சீட்டா?

ஆஷ்விட்ஸ் சென்ற அவர் திரும்பவில்லை.

திரும்பாதவர் அவர் ஒருவர் அல்லர். பிரான்சிலிருந்து அவ்வாறு அனுப்பப்பட்ட யூதர்கள் ஏறத்தாழ 76,000 பேர். மீண்டவர்கள் சில ஆயிரம் பேரே. ஜீன் வால்ஜீனாக நடித்த ஹாரி போர் யூதர் அல்லர். யூதர் என்று கிளம்பிய வதந்தி அவரையும் விடவில்லை. 1942-ல் கெஸ்டாபோ பிடித்துச் சென்று வதைத்தது. விடுதலையான சில மாதங்களில், 1943 ஏப்ரலில் மாண்டார். வதந்திக்குப் பசி எடுத்தால் யாரைத் தின்னும் என்பதற்கு வரம்பில்லை!

சாகாத பொய்

நாஜி ஆட்சி 1945-ல் மடிந்தது. விஷி அரசும் மடிந்தது. நத்தானைப் பற்றிய பொய் மட்டும் மடியவில்லை. 'பாதேயைச் சூறையாடிய மோசடிக்காரர்' என்று படவரலாற்று நூல்கள் ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதின. மூலத்தைத் தேடியவர் சிலரே. 1990-களில் அமெரிக்கக் கட்டுரை ஒன்று, ஆபாசப் படங்களில் தாமே நடித்தவர் என்றும் அவர்மீது சேறு வீசியது. திரையில் தெரிந்த ஒரு முகம் அவர் முகம் போலிருக்கிறதாம்! பொருட்காட்சியில் மூக்களந்தவர்களின் அறிவியலுக்கும் இதற்கும் தொலைவு எவ்வளவு?

பிறகே உண்மை மெல்ல எழுந்தது. உறவினரான ஆந்திரே ரொசேல்-கிர்ஷேன் ஆவணங்களைத் தேடி, பாதே-நத்தானின் மெய்வரலாற்றை 2004-ல் நூலாக்கினார். 2013-ல் 'நத்தான்' என்னும் ஆவணப்படம் வந்தது. முகம் போலிருக்கிறது என்ற கதைக்கு ஆதாரமில்லை என்பதை எடுத்துக்காட்டியது. பிரான்கர் தெருவில் அவர் எழுப்பிய படப்பிடிப்பு நிலையத்தில் இன்று நடப்பது பிரான்சின் புகழ்பெற்ற திரைக்கல்லூரி. 2014-ல் அங்கே அவர் பெயரில் நினைவுக்கல் பதிக்கப்பட்டது. 1942-ல் கொன்ற மனிதருக்குத் தம் பெயர் திரும்பக் கிடைக்க எழுபத்திரண்டு ஆண்டுகள்! அரசு செய்த பாவத்தை அரசே ஏற்றுக்கொள்ளவும் 1995 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்றுதான் குடியரசுத் தலைவர் ஷிராக், பிரெஞ்சு அரசின் பொறுப்பை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

தோழர்களே! தண்டவாளம் போட்டவர்கள் யார் என்று தொடக்கத்திலே கேட்டோம். பழைய பெயரைத் தோண்டிய பத்திரிகைக்காரன் ஒரு கட்டை போட்டான். அதைப் படித்துத் தலையாட்டிய வாசகன் ஒரு கட்டை போட்டான். நாடாளுமன்றத்தில் புலம்பியவன் ஓர் இரும்பைப் போட்டான். மூக்களந்த 'அறிஞன்' ஆணி அடித்தான். சட்டம் எழுதிய குமாஸ்தா, அடைத்த வண்டிக்குக் காவல் நின்ற காவலன், தனித்தனியே கேட்டால் ஒவ்வொருவரும் சொல்வார்கள்: 'நான் யாரையும் கொல்லவில்லை'. மெய்தான். ஒருவரும் கொல்லவில்லை, ஆயினும் நத்தான் மாண்டார்!

ஆகவே, ஒரு மனிதனைப் பற்றிய பழி நம் காதுக்கு வரும்போது இரண்டு கேள்விகளை நாம் கேட்டாக வேண்டும். அவன் செய்தது என்ன? அதற்குச் சான்று என்ன? இவ்விரண்டுக்கும் விடை கூறாமல், 'அவன் யார் தெரியுமா, எங்கே பிறந்தவன் தெரியுமா?' என்று எவனேனும் தொடங்கினால், அவன் கையிலே ஒரு தண்டவாளக் கட்டை இருக்கிறது என்று பொருள். அதைப் பிடிக்கக் கை கொடுக்காதீர்கள். கட்டை கீழே கிடந்தால், ரயில் ஓடாது!